கடைசிக் காது

பேசக்கூடாது, உதவக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான், அதனால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசின் பின்னறையில், டைப் அடிக்கிற அக்காவின் வலது தோளுக்குப் பின்னால், மடியில் ஒரு நோட்டோடு. மணி பத்தே முக்கால். வக்கீல் கோர்ட்டுக்குப் போயாகிவிட்டது. ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ ஒரு தரம் உரசுகிறது. அக்காவின் பெயர் அமலோற்பவம். வந்ததும் மேடம் என்றேன். "மேடமெல்லாம் வேண்டாம் தம்பி, அக்கான்னே கூப்பிடுங்க. மேடம்னா யாரோ ஜட்ஜம்மா வந்த மாதிரி இருக்கு" என்றார், சிரிக்காமல். ஐம்பத்தாறு ஐம்பத்தேழு இருக்கும். கண்ணாடியின் ஒரு காம்பில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது. முப்பது வருஷமாக இதே ஆபீஸ், இதே மூலை, முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர், இப்போது கம்ப்யூட்டரில் நறுக்கு. நறுக்கு என்பது நாங்கள் சென்னையில் ஒன்பது பேர் சேர்ந்து செய்கிற எடிட்டர், தமிழில் டைப் அடித்துப் பிழைப்பவர்களுக்காக. அதன் உச்சியில் வரிசையாக நிற்கிறதே, திறந்திருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றாக, அந்த டேப்புகள் என் வேலை. ஒரு விரல் உயரப் பட்டை. நான்கு வருஷமாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் ஸ்கேலை வைத்து அளந்து காட்டிவிடலாம். அக்கா அதை டேப் என்று சொல்வதில்லை. காது என்கிறார். ஃபைலிலிருந்து பேர் எழுதி நீட்டிக்கொண்டிருக்கும் அட்டைத் துண்டுக்கு இந்த ஆபீசில் காது என்றுதான் பெயராம். "இந்தக் காதுல மனு, இந்தக் காதுல எதிருரை, அந்தக் கடைசிக் காதுல நேத்து வந்த நோட்டீஸ்" என்று சொல்லிக்கொண்டே போகிறார், எனக்குச் சொல்கிறாரா தனக்கா தெரியவில்லை, அவர் ஒரு காதிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் நான் நோட்டில் ஒரு கோடு போடுகிறேன். பதினேழு கோடுகள். எதற்கு இந்தக் கோடுகள் என்று எனக்கே சந்தேகம் வருகிறது, சென்னைக்குப் போய் இதைக் கூட்டிப் பதினேழு என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், எண் என்று ஒன்று இருந்தால் போதும், மனசு அடங்கிவிடும்.

பதினெட்டாவது கோட்டுக்குக் காத்திருக்கும்போது அது நடந்தது, ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு மனுவை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டு அந்தக் காதை மூடப் போனார், மூலையில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறியை நோக்கி அம்பைக் கொண்டுபோனார், அப்போது அவருடைய இடது கை எழுந்து வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமாக. ஓடப்போகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. ஒரு தட்டு. காது மூடியது. உடனே வலது கையை மவுஸிலிருந்து முழுசாகத் தூக்கிவிட்டுத்தான் இடது கை பிடியை விட்டது. வாத வலியாக இருக்கும் என்று நினைத்தேன். டைப் அடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டு போய்விடும், என் அம்மாகூடத் தைலம் தேய்த்துத் துணி சுற்றிக்கொள்வாள், தைல வாசனையோடு சோறு போடுவாள், அது வேறு. ஆனால் இந்த அக்கா மற்ற எதற்கும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. மூடுவதற்கு மட்டும். நோட்டில் ‘மணிக்கட்டு?’ என்று எழுதினேன், எழுதிய பிறகுதான் அவர் மற்ற நேரங்களில் எப்படித் தட்டுகிறார் என்று காதால் கேட்க ஆரம்பித்தேன். டக்டக். ஃபைலைத் திறக்க டக்டக், சரி, அது அப்படித்தான். ஆனால் காது மாற்றவும் டக்டக், அச்சுக்கு அனுப்பவும் டக்டக், ஒரு தட்டு போதுமான இடத்திலெல்லாம் இரண்டு தட்டு. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வகுப்பில் எவனோ ஒருவன் இரண்டு தரம் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பான், எங்கே ஒன்று எங்கே இரண்டு என்று சொல்ல மறந்திருப்பான், அதிலிருந்து ஒரு தலைமுறையே எல்லாவற்றையும் இரண்டு தரம் தட்டுகிறது. தெரிந்ததுதான். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ‘மணிக்கட்டு?’ என்பதன் அடியில் ஒரு கோடு இழுத்தேன், ஏன் என்று இன்னும் புரியவில்லை.

பெருக்கல் குறி நகராது. அதுதான் நான் செய்தது. முன்பெல்லாம் ஒரு டேப்பை மூடினால் மிச்சமிருப்பவை உடனே அகலமாகிவிடும், அடுத்த டேப்பின் பெருக்கல் குறி வேறு எங்கோ போய் நிற்கும், கை அதைத் தேடி அலைய வேண்டும். நான் அகலத்தைப் பிடித்து நிறுத்தினேன். அம்பு அந்த இடத்தில் இருக்கும்வரை எதுவும் அகலமாகாது, மூடியதும் அடுத்த டேப் நழுவி வரும், அதன் பெருக்கல் குறி மிகச் சரியாக அம்புக்கு அடியில் வந்து நிற்கும். கையை அசைக்காமல் பத்து டேப்பை மூடலாம், தட், தட், தட். மீட்டிங்கில் செய்து காட்டியபோது யாரோ விசில் அடித்தார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், இரண்டு ஸ்டாப்பிங் தூரம், சந்தோஷத்தில். ஒரு தட்டில் ஒன்று மூடினால் இரண்டு தட்டில் எத்தனை மூடும் என்று அந்த அறையில் கேட்ட ஒரே ஆள் வான்மதி. எங்கள் டெஸ்டர், எதையும் உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை, என்னைத் திரு என்றுதான் கூப்பிடுவாள். "எங்கம்மா எல்லாத்தையும் டபுள் கிளிக்தான் பண்ணுவாங்க திரு. ரெண்டு டேப் போயிடும்." போகட்டுமே, பேர் வைத்த ஃபைல் தானாகவே சேவ் ஆகியிருக்கும், திரும்பத் திறந்துகொள்ளலாம் என்றேன். "பேர் வைக்காதது?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பேர் வைக்காத தாளை மூடினால் முன்பு ஒரு கேள்வி வரும், சேவ் செய்யவா என்று. அதை எடுத்துவிடலாம் என்று அதே மீட்டிங்கில் நான்தான் சொன்னேன். மனிதர்கள் அந்தத் தாளில் போன் நம்பரைக் குறிப்பார்கள், எதையாவது ஒட்டி வெட்டுவார்கள், தூக்கிப்போடுவார்கள், அதற்குப் போய் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியா, எவனும் அதைப் படிப்பதுகூட இல்லை, படிக்காமலே அமுக்குகிறான். வான்மதி விடவில்லை. "யாராவது அதுலயே முக்கியமா ஏதாவது எழுதிக்கிட்டிருந்தா?" நான் சொன்னேன், "பேரே வைக்காதத யாரு தேடப்போறா?" எல்லோரும் சிரித்தார்கள். வான்மதியும் கொஞ்சம். சிரித்தபிறகு ஒரு விஷயம் முடிந்துவிடுகிறது, வாதத்தால் முடிவதைவிடச் சுத்தமாக முடிகிறது.

"அது ஒண்ணுமில்ல தம்பி" என்று அக்கா சொன்னபோதுதான் அவர் திரும்பி என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ‘மணிக்கட்டு?’ பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா. "வலியெல்லாம் இல்ல. இந்தக் கை கேக்காது. ரெண்டு தட்டு தட்டிரும். முன்னாடியெல்லாம் தட்டினா ஒண்ணும் ஆவாது. இப்ப புதுசா என்னமோ மாத்தியிருக்காவ, ஒண்ணோட இன்னொண்ணும் சேந்து போயிருது. அதான் கையப் பிடிச்சுக்குதேன்." நான் பேசக்கூடாது. நோட்டைக் கவிழ்த்து வைத்தேன். அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், ஆனால் டைப் அடிக்கவில்லை. "உங்க ஆபீசுக்கு ஒரு மெயில்கூடப் போட்டேன். பாத்தீங்களா தெரியல." பார்த்தேன். அந்த மெயிலை நான் பார்த்தேன். தலைப்பு இல்லை, வணக்கம் இல்லை, இந்த ஆபீஸ் முகவரியிலிருந்து ஒரே வரி. மூடினது திரும்ப வருமா? அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து, பெயரிடப்படாத தாள்களை மீட்க இயலாது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று போயிருந்தது, அந்த வாசகமும் நான் எழுதியதுதான், எல்லோருக்கும் போகிற ஒரே வாசகம். நறுக்கில் வேலை செய்கிறவர்களை எங்கெங்கே போய்ப் பார்ப்பது என்று பட்டியல் போட்டபோது இந்த ஆபீசின் பெயரைக் கண்டதும், சித்தப்பா மகன் வீட்டுப் பால்காய்ப்புக்கு எப்படியும் திருநெல்வேலி போகிறேன், அப்படியே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். ஏதாவது ஒரு நோட்டீஸின் வரைவு போயிருக்கும், மறுபடி அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா. நினைப்பதற்கு முன்பே நினைத்து முடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

"என்னக்கா போச்சு?" என்று கேட்டுவிட்டேன். சுவரில் ஒட்டிய விதி போயிற்று. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், துடைத்து மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஒரு லெட்டர். தங்கச்சிக்கு." ஃபேன் உரசியது. "ஒரு லெட்டருக்கா இவ்வளவுன்னு நினைப்பீங்க. பதினாலு மாசம் எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு டப்பாவக் கழுவி வச்சிட்டு உக்காருவேன், இங்க யாரும் இருக்கமாட்டாவ. ரெண்டு வரி எழுதுவேன். மறுநாளு அதுல ஒண்ண அழிப்பேன். எழுதினதவிட அழிச்சதுதான் ஜாஸ்தி. கடைசியில ரெண்டு பக்கம் நின்னுச்சு." தங்கையின் பெயர் ஞானப்பூ. தூத்துக்குடியில் இருக்கிறார். இவர்களுடைய அம்மாவுக்கு நினைவு தப்பிப்போய்க் கடைசி மூன்று வருஷம் ஞானப்பூ வீட்டில்தான் கிடந்திருக்கிறார். செத்துப்போனபோது பெட்டியில் வைத்திருந்த உடம்பைப் பார்த்தாராம் அக்கா, எலும்பும் தோலுமாக. அடக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், சர்ச் சாமியார் நிற்கிறார், ஞானப்பூவின் மாமியார் நிற்கிறார், எல்லோருக்கும் முன்னால். "சோறு போடாம கொன்னுட்டியேன்னு சொல்லிட்டேன் தம்பி." பிறகு ஒரு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்ததாம், அம்மா வாயில் வைத்ததையெல்லாம் துப்பிவிடுவார், ஞானப்பூ ஒரு நேரக் கஞ்சிக்கு ஒன்றரை மணி நேரம் கரண்டியோடு உட்கார்ந்திருப்பாள், கையில் கடித்த தழும்புகூட உண்டு என்று. "பதினோரு வருசமாச்சு. ரெண்டு பேரும் பேசல. நேர்ல போயி நிக்கணும்னா அவ கதவத் திறக்கணும். போன்ல சொல்லணும்னா என் குரலுக்கு அவ வச்சிருவா. லெட்டர்னா தூக்கித்தான் போடுவா, ஆனாலும் ஒரு வரியாவது கண்ணுல படும் இல்லையா. அந்த ஒரு வரி எதுன்னு தெரியாதுல்ல. அதனால எல்லா வரியும் சரியா இருக்கணும்."

எல்லா வரியும் சரியாக இருக்க வேண்டும். நான் பட்டையின் உயரத்தை இருபத்தெட்டுப் புள்ளியிலிருந்து முப்பதாக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவன், எனக்கு இது புரிய வேண்டும், புரிகிறது, புரிவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. "கையால எழுதியிருக்கலாமேக்கா" என்றேன், குற்றத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் பார்க்கிற குரல் அது, எனக்கே கேட்டது. "கையால எழுதினா அழிக்க முடியாது. கிழிக்கத்தான் முடியும்" என்றார். சரி, பேர் வைத்துச் சேவ் செய்திருக்கலாமே. கேட்கவேண்டாம் என்று நினைத்தேன், அதையும் கேட்டேன். "பேரு வச்சா போல்டர்ல போயி உக்காந்துரும். சாயங்காலம் ஜூனியர் பிள்ளைய இதே கம்ப்யூட்டர்லதான் உக்காருதாவ. திறந்து படிச்சிட்டாவன்னா? அதான் பேரே வைக்கல. கம்ப்யூட்டர அணைச்சாலும் மறுநாளு அந்தக் கடைசிக் காது அங்கனயே இருக்கும். பேரில்லாததுன்னு போட்டிருக்கும். அதத் தொட்டுப் பாக்கணும்னு யாருக்கும் தோணாது பாத்துக்கிடுங்க. பேரு இல்லாம இருந்தா அது நம்மகிட்டயே இருக்கும்." ஒரு வழக்கு முடிந்த அன்று அதன் பதிமூன்று காதை வரிசையாக மூடினாராம். டக்டக், டக்டக். என்ன இது இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று நினைத்தாராம். முடிந்த பிறகு பட்டை காலியாக இருந்ததாம். முழுக்கக் காலி, ஒன்றுமே இல்லாமல். அதை நான் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறேன், கண்ணை உறுத்தாத சாம்பல், பதினோரு சாம்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தது.

பேரு இல்லாம இருந்தா அது நம்மகிட்டயே இருக்கும். இந்த வாக்கியத்தை நான் தாண்டிப் போக முயல்கிறேன், போக முடியவில்லை, சட்டை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே இழுக்கிறது. எனக்கும் பிரமுவுக்கும் பிறந்த குழந்தை இரண்டு நாள் இருந்தது. ஏழு வருஷமாகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, கணுக்காலில் ஒரு பட்டை, அதில் பேபி ஆஃப் பிரமு என்று எழுதியிருந்தது. என் மனைவியின் பெயர், குழந்தையின் பெயர் இல்லை. பதினாறாம் நாள் வைக்கலாம் என்றிருந்தோம், பிரமு மனசில் ஒன்று வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, முதலில் நேரம் இருக்கிறது என்று கேட்கவில்லை, பிறகு எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வாங்க ஒரே கவுண்டர். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேர் கட்டத்த அப்படியே விட்டுறலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். விட்டுவிட்டோம். இரண்டு தாளும் பீரோவில் பிரமுவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கின்றன, நான் எடுத்துப் பார்ப்பதில்லை, அவள் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஏன் இப்போது இது. இந்த அறைக்கும் அதற்கும் என்ன. ஆனால் மனசு கேட்காமல் அடுத்ததை எடுத்து வைக்கிறது, மீட்டிங் நடந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் பிரமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அகலத்தைப் பிடித்து நிறுத்தியதை, விசில் அடித்ததை, வான்மதி கேட்டதை, நான் சொன்னதை. பேரே வைக்காதத யாரு தேடப்போறா. சொல்லிவிட்டு அவள் சிரிப்பதற்காக நிமிர்ந்தேன். அவள் கையில் ரசக் கரண்டி இருந்தது. ஊற்றவில்லை. கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்துவிட்டு, ரசம் ஆறிப்போச்சு, சுடவச்சுக் கொண்டுவாறேன் என்று எழுந்து போனாள். ரசம் ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு, இவளுக்கு வேலை அசதி என்று நினைத்து அப்பளத்தை உடைத்தேன். அடுக்களையில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. எட்டு மாசமாக எனக்குத் தெரியாமல் இருந்தது இப்போது, பாளையங்கோட்டையில், முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தெரிகிறது, அவள் அடுக்களையில் எந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று.

"தண்ணி குடிக்கீங்களா தம்பி? முகமெல்லாம் வேர்க்குது" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். பிறகு குடித்தேன். செம்பு குளிர்ந்திருந்தது. இவரிடம் சொல்லாமல் போய்விடலாம். அதுதான் எளிது, ஆபீசில் சொல்கிறேன் அக்கா, சரிசெய்யச் சொல்கிறேன் அக்கா என்று எழுந்து போய்விடலாம், ‘புதுசா என்னமோ மாத்தியிருக்காவ’ என்பதில் இருக்கிற அந்த ‘அவங்க’ யாரோவாகவே இருந்துவிடட்டும், ஒன்பது பேர், கம்பெனி, சென்னை. சொல்வதால் கடிதம் வந்துவிடுமா. சொல்லி நான் லேசாகிக்கொள்வேன், அந்தப் பாரத்தை இவர் மடியில் வைத்துவிட்டுப் போவேன், அதுவும் ஒரு தந்திரம்தானே. பஸ் ஸ்டாண்டுக்கு இங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். ஆனால் அக்கா இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடி இல்லாத கண்கள், ஓரத்தில் கண்ணாடியின் தடம். எனக்கு முன்னால் வாய் பேசிவிட்டது. "அக்கா, அந்தப் பெருக்கல் குறி நகராம நிக்கிதே, அது நான் பண்ணினது. சேவ் பண்ணவான்னு முன்னாடி ஒரு கேள்வி வருமே, அத எடுத்ததும் நான்தான். வேற யாரும் இல்ல. வேண்டாம்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. நான் அவளக் கேலி பண்ணி வாய அடைச்சுட்டேன்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம். "ஏன் எடுத்தீங்க?" என்றார். அவ்வளவுதான், தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "எல்லாரும் படிக்காமலே அமுக்குறாங்கன்னு" என்றேன். "நான் படிப்பேனே தம்பி" என்றார். "முப்பது வருசமா படிச்சுப் படிச்சுத்தான் அமுக்குதேன். டைப்பிஸ்டு இல்லையா." எத்தனையோ பேரைக் கணக்கெடுத்தோம், எத்தனை விநாடியில் அமுக்குகிறார்கள் என்று அளந்தோம், அந்த விநாடிகளுக்குள் ஒருத்தி படித்துக்கொண்டும் இருக்கலாம் என்று அளவில் வராது. மன்னிச்சுக்கோங்க என்றேன். சரி பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நல்லவேளை. "என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும். அது மறக்கல" என்றார். "எப்படி எழுதினேன்னுதான் தெரியல. உக்காந்து பாத்தேன். வரல. எழுதினா வக்கீல் நோட்டீஸ் மாதிரி வருது. ஞானப்பூ மகளுக்குக் கல்யாணம். கோயில்ல முதல் ஓலை வாசிச்சு எல்லாருக்கும் அறிவிச்சாச்சு, அத்தை மக சொன்னா. இன்னும் பத்தொம்பது நாளு இருக்கு. லெட்டர் போகாம நான் போயி பந்தல்ல நிக்க முடியுமா. அவ முகத்த எப்படிப் பாப்பேன்." கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே இருமி அதை இருமலாக்கிக்கொண்டார்.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன் அக்கா என்றேன், இரண்டு தட்டுத் தட்டினாலும் ஒன்றுதான் மூடும்படி செய்துவிடுகிறேன், எத்தனை பேர் மறுத்தாலும். "எப்ப வரும்?" இரண்டு வாரம் ஆகும், சில சமயம் மூன்று. "அது வாரதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிரும்." பிறகு, "வந்தா அதுல என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டார். சேவ் செய்யவா என்றுதான் இருக்கும் அக்கா, ஆம், இல்லை. அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. "அப்படிக் கேட்டா யாருக்கும் ஒண்ணும் தோணாது. சேவுன்னா என்ன, எங்க, ஒரு எழவும் தெரியாது. ‘இதுல நீங்க எழுதியிருக்கீங்க’ன்னு முதல்ல சொல்லணும். எத்தன வரின்னு சொல்லணும். எத்தன நாளா எழுதுதீங்கன்னு சொல்ல முடியுமா?" முடியும் என்றேன். "அதயும் சொல்லணும். அப்புறமா ‘வச்சிருக்கவா’ன்னு கேக்கணும்." நான் நோட்டைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். இதில் நீங்கள் நாற்பது வரி எழுதியிருக்கிறீர்கள். பதினாலு மாதமாக எழுதுகிறீர்கள். வைத்திருக்கவா? வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிழை திருத்துகிறவர் மாதிரி ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, "ம்" என்றார். அந்த ஒரு சத்தத்துக்குக் காத்திருந்த மாதிரி நான் நான்கு வருஷத்தில் எந்த மீட்டிங்கிலும் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு சொன்னேன், அதுவரைக்கும் ஒரு பென் டிரைவில் பேர் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா, நான் இப்போதே செய்து தருகிறேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்றார். "பேரு வைக்கப் பிடிக்கல தம்பி. என்னன்னு வைக்க? அதுவரைக்கும் நான் கையப் பிடிச்சுக்குதேன்."

பட்டையின் கடைசிக்குப் போய்க் கூட்டல் குறியைத் தட்டினார், ஒரு தட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. ஒரு வெற்றுத் தாள் திறந்தது. அதன் மேல் பேரில்லாதது என்று வந்தது, நான் தேர்ந்தெடுத்த எழுத்தில், நான் தேர்ந்தெடுத்த அளவில், அதை ஒரு மனுஷியின் தலைக்கு மேலே இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அக்கா விசைகளின் மேல் விரலை வைத்தார். அடிக்கவில்லை. மணி பன்னிரண்டாகப் போகிறது, டப்பா இன்னும் மேஜை ஓரத்தில் திறக்காமல் இருக்கிறது, மனுக்கள் கிடக்கின்றன. நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம். "தம்பி" என்றார் திரும்பாமல், "கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க."

எழுந்து நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளையடித்த சுவர், இரண்டு இடத்தில் ஈரம் கோத்துப் பொரிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விசைகள், நான்கைந்து எழுத்து, நின்றன. அழிக்கிற விசை, ஒவ்வொன்றாக. மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணக்கூடாது என்று தோன்றியதும் நிறுத்தி நோட்டை மூடினேன். நீண்ட நேரம் ஃபேன் மட்டும். இவர் இப்போது தூத்துக்குடியில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார், கதவு மூடியிருக்கிறது, நான் அந்தத் தெருவில் இருக்கக்கூடாது. மறுபடி விசைகள் கேட்டன. ஒரு சொல் அளவு. இன்னொரு சொல். அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு சீராக, மழை பிடித்துக்கொண்ட மாதிரி, நிற்காமல்.